கொஞ்சக் காசில் நல்ல ஸ்பீக்கர்: பெட்டிக்குள் காசு எங்கே போகிறது?

முதன்முதலில் ஸ்பீக்கர் வாங்கியபோது நான் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு பக்கம் ஐந்து குட்டிப் பெட்டி, ஒரு சப்ஊஃபர், ரிமோட், புளூடூத், எஃப்எம், பென்டிரைவ் செருக ஓர் ஓட்டை, பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்கு. இன்னொரு பக்கம் ஏறக்குறைய அதே காசுக்கு, கறுப்பாக, எதுவும் மின்னாத இரண்டே இரண்டு மரப்பெட்டி, அதுவும் யாரோ வைத்திருந்த பழசு. ஆறு பெரிதா, இரண்டு பெரிதா? ஆறைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். மாட்டிப் பாட்டைப் போட்டால் கீழே டும் டும் என்று தரை அதிர்கிறது, மேலே ஸ்ஸ் என்று இரைகிறது, நடுவில் பாடுகிறவர் மட்டும் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது போல இருக்கிறார்.

ஏன் அப்படி ஆனது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. விலை குறைந்த பொருளில் செய்கிறவருக்குச் செலவழிக்கக் கொஞ்சம் காசுதான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தை ஆறு பெட்டி, ரிமோட், ரேடியோ, விளக்கு என்று பங்கு போட்டால் ஒலியை எழுப்புகிற பாகத்துக்கு மிஞ்சுவது சில்லறை. அதே காசு இரண்டு பெட்டிக்குள் மட்டும் போயிருந்தால் கதையே வேறு. ஆகவே எந்த ஸ்பீக்கரைப் பார்த்தாலும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, இதில் காசு எங்கே போயிருக்கிறது என்பதுதான். கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதுதான்.

ஹை-ஃபை என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். பதிவில் என்ன இருக்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் கொடு, அவ்வளவுதான் அதன் பொருள். எந்த ஸ்பீக்கரும் இதை முழுதாகச் செய்வதில்லை. விலையுயர்ந்தது குறைவாகக் கூட்டிக் குறைக்கும், மலிவானது அதிகமாக. நாம் தேடுவது, காதுக்கு உறுத்தாத இடத்தில் குறை வைத்திருக்கும் மலிவான ஸ்பீக்கரை.

ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது?

ஒரு காந்தம். அதன் இடுக்கில் செப்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள், அதற்கு வாய்ஸ் காயில் என்று பெயர். அந்தச் சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. பாட்டின் சன்னமான மின்சாரத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து, சுருக்கமாக ஆம்பிலிருந்து, மின்சாரம் வந்தால் சுருள் முன்னும் பின்னும் ஆடும், கூம்பும் சேர்ந்து ஆடும், காற்று அசையும், நமக்குக் கேட்கும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்ட வடிவமைப்பு இதுதான், நூறு வருடம் ஆகியும் நம் வீட்டில் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். பசை மாறியிருக்கிறது, கூம்பின் பொருள் மாறியிருக்கிறது, கணக்குகள் துல்லியமாகியிருக்கின்றன, அடிப்படை அப்படியே. இது கையில் காசில்லாதவருக்கு ரொம்ப நல்ல செய்தி. பத்து வருடப் பழைய போனை யாரும் சீண்ட மாட்டார்கள், ஆனால் முப்பது வருடப் பழைய நல்ல ஸ்பீக்கர் இன்றைக்கும் நல்ல ஸ்பீக்கர்தான். இதற்கு அப்புறம் வருகிறேன்.

மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் ஹெர்ட்ஸ் கணக்கு, அந்த எண்ணுக்கு அலைவெண் என்று பெயர். இவ்வளவு பெரிய எல்லையை ஒரே கூம்பால் ஒழுங்காகச் சமாளிக்க முடியாது. அதனால் கீழ் ஒலிகளுக்கு ஊஃபர், மேல் ஒலிகளுக்கு ட்வீட்டர், இரண்டுக்கும் யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்க கிராஸோவர் என்ற சின்ன மின்சுற்று. மூன்று சங்கதிதான். இவை உட்கார ஒரு பெட்டி.

பெரிய கூம்பு, பெரிய பெட்டி, பேராசை

கீழ் ஒலி, அதாவது பேஸ், ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது? சத்தம் அதே அளவில் இருக்க வேண்டும், ஆனால் அலைவெண் பாதியாக வேண்டும் என்றால் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் சும்மா இருந்த கூம்பு 40 ஹெர்ட்ஸில் மூச்சு வாங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவுப் பெட்டி இதையெல்லாம் நிஜமாகவே எழுப்பும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். 4 அங்குல ஊஃபரைவிட ஆறரை அங்குல ஊஃபரின் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கூடவே அது இன்னும் கொஞ்சம் நீளமாகவும் ஆடும்.

ஸ்பீக்கர் வடிவமைப்பவர்களிடம் இரும்பு விதி என்று ஒன்று உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் இங்கே நடக்காது. 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் மூடிய சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் கொண்டுவந்தபோதுகூட, அதுவரை அறைக்குள் அலமாரி மாதிரி நின்ற பெட்டிகளோடு ஒப்பிட்டால் அது ஓர் அதிசயம், ஆனால் விலையாகக் கொடுத்தது மூன்றாவதை, ஆம்ப்ளிஃபயர் அதிக சக்தி கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961லும் அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் பெட்டிக்கும் ஊஃபருக்குமான உறவைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கணக்கை எந்தக் கணினியும் நொடியில் போடும். ஆக, மலிவான பெட்டியும் ஒழுங்காக வடிவமைக்கப்பட்டிருக்க முடியும். பெட்டியின் பின்னாலோ முன்னாலோ இருக்கும் அந்தக் குழாய் ஓட்டை, போர்ட், அலங்காரம் இல்லை, அந்தக் கணக்கில் வந்ததுதான்.

நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரே விஷயம்: காசு குறைவென்றால் அளவில் பெரிய ஆசை வைக்காமல், 5 முதல் ஆறரை அங்குல ஊஃபர் உள்ள இரண்டு வழி (ஓர் ஊஃபர், ஒரு ட்வீட்டர்) புத்தக அலமாரி ஸ்பீக்கரை, அதாவது அலமாரித் தட்டில் அடங்கும் அளவுப் பெட்டியைத் தேடுங்கள். ஆளுயரத்தில் நிற்கும் கோபுர ஸ்பீக்கர் மலிவாகக் கிடைத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அதே காசில் பெட்டி மூன்று மடங்கு பெரிது, ஊஃபர் மூன்று என்றால், பலகையின் தடிமனிலோ கிராஸோவரிலோ ட்வீட்டரிலோ எங்கோ கை வைத்துத்தான் ஆக வேண்டும்.

கை வைக்கும் இடம் பெரும்பாலும் கிராஸோவர்தான், ஏனென்றால் அது வெளியே தெரியாது. ஊஃபரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறுவது பொதுவாக 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம். மனிதக் குரலின் தெளிவு, மெய்யெழுத்துகளின் கூர்மை எல்லாம் இருப்பது இதே வட்டாரத்தில்தான். இங்கே கைமாற்றம் தடுமாறினால் குரல் கெடும். மிக மலிவான பெட்டிகளைத் திறந்து பார்த்தால் ட்வீட்டருக்கு முன்னால் கீழ் ஒலிகளைத் தடுக்க ஒரே ஒரு கபாசிட்டர், ஊஃபருக்கு ஒன்றுமே இல்லை, கம்பி நேராகப் போகிறது. இதை வைத்துக்கொண்டும் நன்றாகச் செய்கிறவர்கள் உண்டு, ஊஃபர் தானாகவே மேலே அடங்கிப்போகிற மாதிரி அமைந்திருந்தால். ஆனால் அது அபூர்வம். என் ஆறு பெட்டிச் செட்டின் குட்டிப் பெட்டிகளில் ட்வீட்டரே கிடையாது. வெளியே ட்வீட்டர் மாதிரி ஒரு வெள்ளி வட்டம் இருந்தது, அது வெறும் பிளாஸ்டிக் மூடி.

காகிதத்தில் இருக்கும் எண்களைப் படிப்பது

வாட். எல்லாரும் முதலில் பார்ப்பது இதை, உங்களுக்கு அதிகம் உதவாததும் இதுதான். கண நேர உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்ளும் பி.எம்.பி.ஓ. என்று போட்டு நான்கு இலக்கத்தில் ஓர் எண் இருந்தால் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள், அதற்கு ஒழுங்கான வரையறையே கிடையாது. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து ஓடும் சக்தி, என்று இருந்தால் ஓரளவு நம்பலாம். ஆனால் ஸ்பீக்கர் மீது எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை, எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது.

சத்தத்தைச் சொல்வது சென்சிடிவிட்டி என்ற எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்கள் 84 முதல் 90 வரை இருக்கும். சின்ன வித்தியாசமாகத் தெரிகிறதா? டெசிபல் கணக்கில் 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்து எழுப்பும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் எழுப்பிவிடும். அதாவது 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் சின்ன, மலிவான ஆம்ப் போதும். பட்ஜெட்டில் இந்த ஓர் எண் உண்மையிலேயே காசு மிச்சப்படுத்தும். ஒரு எச்சரிக்கை, சில நிறுவனங்கள் ஒரு வாட் என்று சொல்லாமல் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் (ஓம் என்பது மின்தடையின் அளவு) அது சரியாக ஒரு வாட், 4 ஓம் ஸ்பீக்கரில் அதுவே இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கர் 2.83 வோல்ட்டில் 89 என்றால் மனதுக்குள் 86 என்று படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். வீட்டில் நிதானமான சத்தத்தில் பாட்டுக் கேட்கும்போது சராசரியாக ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டுக்கும் குறைவு. டிரம் அடி மாதிரி திடீர் உச்சங்களுக்குத்தான் அதைப் போல் பத்து, இருபது மடங்கு தேவை. 20, 30 உண்மையான வாட் உள்ள ஆம்ப் ஓர் அறைக்குத் தாராளம்.

அலைவெண் எல்லை. 40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை, 40இல் ஈனமாக முனகினாலும் அதையும் கணக்கில் சேர்த்துவிடலாம். 55 முதல் 20,000 வரை, கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்று எழுதியிருந்தால் அந்த எல்லைக்குள் ஏற்ற இறக்கம் இவ்வளவுதான் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். கூட்டல் கழித்தல் எழுதாதவரைவிட எழுதியவரை நம்புவேன், எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும்.

ஓம் பற்றி ஒரு வரி போதும்: உங்கள் ஆம்ப் எத்தனை ஓம் வரை இறங்கலாம் என்று பின்னால் எழுதியிருக்கும், ஸ்பீக்கர் அதற்குக் கீழே போகக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்பது

எண்கள் ஒரு வழிதான். கடைசியில் காதுதான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் காது கண்ணின் பேச்சைக் கேட்டு ஆடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி, ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஆட்களைக் கேட்க வைத்து வருடக்கணக்கில் சோதித்தார். அவர் கண்டது, எதைக் கேட்கிறோம் என்று தெரியாதபோது பெரும்பாலானவர்களுக்குப் பிடிப்பது ஏறக்குறைய ஒரே மாதிரி ஸ்பீக்கர்தான், எந்த அலைவெண்ணையும் தூக்கிக் காட்டாமல் சமமாக ஒலிப்பது, நேர் எதிரே மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலிப்பது. 1994இல் அவரும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவன ஊழியர்களை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள், ஒரே ஸ்பீக்கர்களை ஒருமுறை மறைத்து, ஒருமுறை காட்டி. காட்டியபோது பெரிய, அழகான பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது, சின்ன மலிவான பிளாஸ்டிக் செட்டின் மதிப்பெண் இறங்கியது. ஒலியில் எந்த மாற்றமும் இல்லை, கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் மாறியது. ஆறு பெட்டியை எண்ணிப் பார்த்து வாங்கிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இதை நம் அளவில் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதை நம் காது கூடுதல் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாமல் நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். போனில் ஒரு சத்த அளவி செயலி இருந்தால் போதும். இரண்டு ஜோடியையும் முழுதாகப் போடாமல் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெட்டியை மட்டும் போட்டுக் கேளுங்கள், குறைகள் ஒற்றையாகக் கேட்கும்போதுதான் நன்றாக வெளிப்படும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டையே போடுங்கள், விற்கிறவர் போடுகிற பாட்டு அந்த ஸ்பீக்கருக்குச் சாதகமானதாகத்தான் இருக்கும். முதலில் குரலைக் கேளுங்கள். மூக்கடைத்த மாதிரி இருக்கிறதா, குழாய்க்குள்ளிருந்து வருகிறதா, ச, ஷ எல்லாம் ஊசி மாதிரி குத்துகிறதா. பிறகு எழுந்து பக்கவாட்டில் இரண்டடி நடந்து பாருங்கள். குரல் ஆளே மாறிப்போனால் அந்தப் பெட்டியில் கைமாற்றம் சரியில்லை. பேஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அது பாதிக்கு மேல் அறையின் வேலை. பத்து நிமிடத்தில் வாவ் என்று சொல்ல வைக்கும் ஸ்பீக்கர் ஒரு மணி நேரத்தில் காதைக் களைக்க வைத்துவிடுவதும் உண்டு. நான் கொஞ்சம் மந்தமாகத் தோன்றுவதைத்தான் எடுப்பேன்.

கேட்டுப் பார்க்க வழியில்லை, படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம் என்றால், அளந்து வரைந்த அலைவெண் வரைபடம் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒருவர் எழுதிய வர்ணனைப் பத்து பக்கத்தைவிட அந்த ஒரு கோடு அதிகம் சொல்லும்.

பழசு வாங்குவது

எனக்கு இந்த விஷயத்தில் பட்சபாதம் உண்டு, மறைக்கவில்லை. குறைந்த காசில் நல்ல ஒலிக்குப் பழைய ஸ்பீக்கரை மிஞ்சி வழியில்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லாத வெறும் பெட்டியில் பழுதாக ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கிறது, அந்தக் கொஞ்சத்தையும் கால் மணி நேரத்தில் சோதித்துவிடலாம்.

முன் வலையைக் கழற்றுங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். ஊஃபரின் கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அது ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் என்றால் பத்து, இருபது வருடத்தில் தானாகவே மக்கி உதிரும், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும். விரல் நுனியால் மெல்லத் தொட்டால் பிசுபிசுக்கும் அல்லது பொடியாகும். இதற்காகப் பயப்பட வேண்டாம், புது வளையம் வாங்கிப் பசை போட்டு ஒட்டலாம், பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் என்றால் கவலை குறைவு.

அடுத்து, கட்டைவிரலும் மற்ற விரல்களும் பரவலாகக் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் படும்படி வைத்து மெதுவாக, நேராக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். சரசரவென்று உரசினால் வாய்ஸ் காயில் கருகி வளைந்திருக்கிறது, அல்லது பெட்டி எப்போதோ கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கிறது. எதுவானாலும் வேண்டாம். ட்வீட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பின் முனைகளில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 சொச்சம். சரியாக 8 காட்டவில்லையே என்று பதற வேண்டாம், நேர் மின்சாரத்தில் அப்படித்தான் குறைவாகக் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. இந்தச் சோதனை ஊஃபரை மட்டும்தான் பார்க்கும், ட்வீட்டருக்கு முன்னால் கபாசிட்டர் நிற்பதால் அதன் கதி மீட்டருக்குத் தெரியாது. ட்வீட்டருக்குப் பாட்டைச் சின்னச் சத்தத்தில் ஓட விட்டு, ஒரு அட்டைக் குழாயை ட்வீட்டர் முன் பிடித்துக் காதை வைத்தால் போதும். இரண்டு பெட்டியிலும் ஒரே அளவு கேட்க வேண்டும். பழைய ஸ்பீக்கர்களில் அடிக்கடி செத்துக்கிடப்பது ட்வீட்டர்தான், சொந்தக்காரருக்கே தெரியாமல். கடைசியாக, போனில் அலைவெண் எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு 30 ஹெர்ட்ஸிலிருந்து 300 வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்காவது கரகரப்போ கடகடப்போ வந்தால் தளர்ந்த திருகாக இருக்கலாம், கிழிந்த கூம்பாகவும் இருக்கலாம்.

பெட்டியின் கீறல், மங்கிய நிறம், தொலைந்த வலை, கூம்பின் நடுவே இருக்கும், குழிந்துபோன தூசி மூடி, இவையெல்லாம் நம் நண்பர்கள். ஒலியைக் கெடுப்பதில்லை, விலையை மட்டும் கெடுக்கின்றன. மாறாக ஒரு பெட்டியில் மட்டும் ஊஃபரை வேறு மாடலாக மாற்றியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், அது இனி ஜோடி இல்லை.

பெயருக்கும் காசு கொடுக்காதீர்கள். யமஹாவின் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கர் 1978இல் வீட்டுக்கென்று வந்தது, வீட்டுக்காரர்களிடம் பெரிதாக எடுபடவில்லை. அப்புறம் ஒலிப்பதிவுக் கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன, ஏனென்றால் பேஸ் குறைவாக, நடு ஒலிகளை முன்னால் தள்ளி, குரலையும் வாத்தியங்களையும் சேர்த்த கலவையின் குறையைக் காட்டிக்கொடுக்கும். அந்த வெள்ளைக் கூம்பு உலகப் புகழ் பெற்றது. அதற்காக அதைத் தேடி வாங்கி வரவேற்பறையில் வைத்தால் உங்களுக்கும் 1978இன் ஆட்களுக்கு வந்த சந்தேகமே வரும். பலரும் தேடுகிற பெயரை விட்டுவிட்டு, அதே தரத்தில் யாரும் தேடாத மாடலைப் பிடிப்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

பழசு பிடிக்காது, ஆம்ப் தனியாக வாங்கவும் வழியில்லை என்பவர்களுக்கு ஆக்டிவ் மானிட்டர், அதாவது ஆம்ப் உள்ளேயே இருக்கும் சின்ன ஸ்டுடியோ வகை ஸ்பீக்கர். மேசையில் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் புதுசில் இதற்கு ஈடு குறைவு. காசு அலங்காரத்துக்குப் போவதில்லை. குறை என்னவென்றால் அமைதியில் லேசான ஸ்ஸ் கேட்கலாம், உள்ளிருக்கும் மின்சுற்று போனால் பெட்டியும் சேர்ந்து போகும்.

மீதிக் காசும் இலவசமும்

கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கை ஸ்பீக்கருக்கே வைத்துவிடுங்கள் என்பேன். மிச்சத்தில் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப், அல்லது உள்ளங்கையில் அடங்கும் இன்றைய கிளாஸ்-டி என்ற சிக்கன வகை ஆம்ப். ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு ஆம்புக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே இருப்பதில் ஒரு துளி. ஆம்பின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போய் ஒலி பிளந்து கரகரக்க ஆரம்பித்தால் மட்டும் உடனே குறையுங்கள், அந்த நிலையில் முதலில் கருகுவது ட்வீட்டர். கேபிளுக்குத் தடிமனான சாதாரணச் செப்பு ஒயர் போதும். மூன்று மீட்டருக்கு அதன் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தங்க முலாம், பட்டு உறை எல்லாம் பிறகு எப்போதாவது லாட்டரி அடித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வருவது பைசா செலவில்லாதது, ஆனால் ஆம்பை மாற்றுவதைவிட அதிகம் மாற்றும். இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்து உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காது உயரத்தில் இருக்க வேண்டும், தரையில் வைத்தால் முழங்காலுக்குத்தான் பாட்டு. சுவரை ஒட்டினால் ஆழ்ந்த பேஸ் 6 டெசிபல் வரை ஏறும், மூலையில் வைத்தால் இன்னும். இது நல்லதா கெட்டதா என்பது பெட்டியைப் பொறுத்தது. மூடிய சின்னப் பெட்டிக்கு அது இலவச போனஸ், பின்னால் போர்ட் உள்ள பெட்டி அங்கே ஊதி ஊதி உறுமும். உறுமினால் ஓரடி முன்னால் இழுங்கள், இழுக்க இடமில்லை என்றால் போர்ட்டில் ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டிச் செருகுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, சில நிறுவனங்கள் இதற்கென்றே ஃபோம் அடைப்பானைப் பெட்டியோடு தருகின்றன. வெறும் சுவரும் வெறும் தரையும் உள்ள அறையில் எந்த ஸ்பீக்கரும் கத்தும், கம்பளம், கனமான திரை, புத்தகம் நிறைந்த அலமாரி இருந்தால் அடங்கும். பாட்டு கணினியிலிருந்து வருகிறது என்றால் ஒவ்வொரு அலைவெண்ணையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் இலவச ஈக்வலைசர் மென்பொருளும் உண்டு, ஆனால் அதில் மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்ப ரொம்ப முயல வேண்டாம், ஊஃபர் பாவம்.

அப்புறம் ஒயரின் சிவப்பு, கறுப்பு. இரண்டு பெட்டியிலும் சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் ஒரு கூம்பு வெளியே போகும்போது இன்னொன்று உள்ளே போகும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அலையும். ஆறு பெட்டிக்குப் பிறகு ஒருவழியாக நான் வாங்கிய பழைய ஜோடியை இப்படித்தான் நான்கு மாதம் கேட்டேன். இதற்குப் போய் ஆசைப்பட்டோமே என்று விற்கவே கிளம்பிவிட்டேன். வாங்க வந்தவர் பின்னால் எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ஒயரை மாற்றிச் செருகினார். பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். மன்னித்துக்கொள்ளுங்கள், இது விற்பனைக்கு இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்தார்.

அந்த ஜோடி இன்னும் ஓடுகிறது. ஆறு பெட்டிச் செட்டில் மிஞ்சியது சப்ஊஃபர் மட்டும், அதன் மேல்தான் இடது ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது. ட்வீட்டர் கச்சிதமாகக் காது உயரத்துக்கு வருகிறது. வலதுக்குத்தான் ஒரு ஸ்டூல் தேடிக்கொண்டிருக்கிறேன்.